நான் சொல்லாத நாலு வரி

என் முகம் பேப்பரில் ஒரே ஒருமுறை வந்திருக்கிறது. அதைப் போட்டவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீர வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

கள்ளக்குறிச்சியில் உழவர் சந்தைக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் கூழ் விற்கிறேன். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்து, காலையில் சாமை நொய்யை வேகவைத்து அதில் ஊற்றிக் கிளறி இறக்குவேன். சாமை வெள்ளிமலையிலிருந்து வருகிறது. மாதம் ஒருமுறை நானே பஸ் ஏறிப் போய் மூட்டை கட்டிக்கொண்டு வருவேன். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், வெங்காயம், கிடைக்கிற மாதத்தில் மாங்காய். ஐந்தாவது வரைதான் படித்தேன். பேப்பர் படிப்பேன், கொஞ்சம் மெதுவாக. பேச்சுதான் வராது. யாராவது என் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த சொம்பைக் கழுவப் போய்விடுவேன்.

ஒரு நாள் வெயில் ஏறின நேரத்தில் ஒரு நிருபர் வந்தார். சின்ன வயது. கழுத்தில் அடையாள அட்டை. ஒரு சொம்பு கூழ் குடித்து முடித்துவிட்டுச் செல்போனை என் வாய்க்கு நேரே நீட்டினார்.

“அண்ணே, கூழ்ல நல்ல பாக்டீரியா இருக்குதாமே, தெரியுமா?”

தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

“அது கொடலுக்குள்ள போயி சுகரைக் கொறைக்குதாம். ஆராய்ச்சியில கண்டுபுடிச்சிருக்காங்க. ஒங்ககிட்ட குடிக்கிறவங்க யாருக்காவது கொறைஞ்சிருக்கா?”

“சொல்றாங்க,” என்றேன்.

யாரும் அப்படிச் சொன்னதில்லை. என் சரக்கைப் பற்றி ஒருவர் நல்லதாக ஒன்று கேட்கும்போது இல்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொன்னார். சிரித்தேன்.

மூன்றாம் நாள் செய்தி வந்தது. ‘சர்க்கரையை விரட்டும் சாமைக் கூழ்! குடலில் குடியேறும் கோடி நல்ல கிருமிகள்: ஆய்வில் தகவல்’ என்று தலைப்பு. அடியில் என் படம். படத்துக்குப் பக்கத்தில் நான் பேசியதாக நாலு வரி. ‘என் கூழைத் தொடர்ந்து குடித்த பலர் மாத்திரையையும் ஊசியையும் மறந்துவிட்டார்கள். மலைச் சாமையின் நுண்ணுயிர்கள் குடலையே புதுப்பிக்கின்றன. நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். மருந்துக் கடைப் பக்கமே போக வேண்டியதில்லை, என்கிறார் பெருமிதத்துடன்.’

நுண்ணுயிர் என்ற சொல்லை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் படித்தேன். அதை நானே சொன்னதாகப் போட்டிருந்தது.

அன்றைக்கே போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதற்கு மேலும் ஒரு காரியம் செய்தேன். எங்கள் பக்கத்தில் எந்தக் கடையைப் பற்றிப் பேப்பரில் வந்தாலும் அதை வெட்டி லேமினேஷன் போட்டு முகப்பில் மாட்டிவிடுவார்கள். புரோட்டா கடையில் மாட்டியிருக்கும், எலும்பு முறிவு வைத்தியர் வாசலில் மாட்டியிருக்கும். என் மனைவி அன்று சாயங்காலமே ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். அந்த அட்டையை வண்டியின் முன்பக்கம் கம்பி போட்டு நானேதான் முறுக்கிக் கட்டினேன். கட்டிவிட்டு நாலு அடி தள்ளி நின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

கூட்டம் வந்தது. ஒன்பது மணிக்கே பானை காலியானது. சின்னசேலத்திலிருந்தும் நைனார்பாளையத்திலிருந்தும் மோட்டார் பைக்கில் வந்து பாட்டிலில் வாங்கிக்கொண்டு போனார்கள். செல்போனில் சேனல் நடத்துகிற இரண்டு பேர் வந்து, ‘பத்தே நாளில் சுகர் பறந்து போச்சு’ என்று என் தலைக்கு மேல் சிவப்பு அம்புக்குறி போட்டார்கள். யாருக்குப் பறந்து போனது என்று அவர்களும் சொல்லவில்லை, பார்த்தவர்களும் கேட்கவில்லை.

கத்தரிக்காய்க்காரர் ஒருவர் எனக்குப் பல வருடப் பழக்கம். தியாகதுருகம் பக்கத்தில் குத்தகை நிலத்தில் கத்தரி போட்டு, காலையில் சந்தைக்குக் கொண்டு வருவார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். காய் விற்று முடிந்ததும் என் வண்டிக்கு வந்து ஒரு சொம்பு குடித்துவிட்டு, ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் கிண்டல் செய்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அவருக்குச் சர்க்கரை. தினமும் ஊசி போட்டுக்கொள்கிறவர். செய்தி வந்த பிறகு இரண்டு சொம்பு குடிக்க ஆரம்பித்தார். நானும் ஊற்றினேன். ஏன் இரண்டு என்று கேட்கவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் இடது காலை இழுத்துக்கொண்டு வந்தார். பாதத்தில் துணி சுற்றியிருந்தது.

“கால்ல இன்னாண்ணே?”

“செருப்பு கடிச்சிட்சி. ஆறிடும். நீ ஊத்து.”

“சுகருக்கு ஆறாதேண்ணே. ஊசி போட்டுக்கினுதான இருக்கீங்க?”

“ஊசியா? அத வுட்டு எத்தினி நாளாவுது! நீதானய்யா வாணாம்ன?”

என் கையில் இருந்த கரண்டி பானைக்குள் போய்விட்டது.

“நான் சொல்லலண்ணே.”

“யோவ், படம் புடிச்சிப் போட்டிருக்கான். இந்தா தொங்குது பாரு.” அட்டையை விரலால் தட்டினார். “இங்க படி, மருந்துக் கடைப் பக்கமே போவ வேண்டியதில்ல. இது ஒன் மூஞ்சிதான?”

“மூஞ்சி என்னுதுதான். பேச்சு அவங்களா போட்டுக்கினது.”

“பேப்பர்காரன் பொய் போடுவானா? கேசு ஆயிடாது?”

கட்டிங் பிளேயரை எடுத்து அந்த இடத்திலேயே கம்பியை வெட்டினேன். அவர் சிரித்தார்.

“இன்னாத்துக்கு அவுக்கற? மருந்துக் கடைக்காரன் எவனாச்சும் மெரட்டினானா? சொல்லு, நான் வந்து பேசறேன்.”

பக்கத்தில் வாழைத்தார் விற்கிறவர், “அதெல்லாம் இல்லண்ணே, கூழு வெலைய ஏத்தப் போறாரு, அதான் புது போர்டு,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் அவருக்கு எதிரில் நிற்கிறேன். என் வாயால் சொல்கிறேன். அவர் என் படத்தைத்தான் நம்புகிறார். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சூடாகிறது.

அன்று என் மனைவி, “அந்த ஆளு ஆபீசுக்குப் போயிக் கேளுங்க. தலைய ஆட்டிட்டு வந்தீங்க, வூட்டுக்குள்ள வுடமாட்டேன்,” என்று அனுப்பினாள். நிருபரின் அறை ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படி ஏறும்போதே சொல்ல வேண்டியதை எல்லாம் மனசுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டு போனேன். அவரைப் பார்த்ததும் பாதி காணாமல் போய்விட்டது.

“சார், நான் சொல்லாதத சொன்னேன்னு போட்டுட்டீங்க. ஒருத்தரு ஊசிய நிறுத்திட்டாரு.”

“அண்ணே, ஒங்க யாவாரம் நல்லா ஓடுதுன்னு கேள்விப்பட்டேன். அதுக்கு ஒரு டீ கூட வாங்கிக் குடுக்கல.”

“அவரு கால் புண்ணு ஆறல சார். அது தப்புன்னு ஒரு வரி போடுங்க.”

“நான் அனுப்பனது வேற, அங்க தலைப்பு வெச்சவங்க வேற. இப்ப போயி மாத்துன்னா யாரு மாத்துவாங்க? விடுங்க, ஜனங்க நாலு நாள்ல மறந்துடுவாங்க.”

“அந்த ஆராய்ச்சி யாரு பண்ணாங்க?”

அவர் செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “வெளிநாட்டுல யாரோ. எலிக்குக் குடுத்துப் பாத்தாங்கன்னு நெனைக்கறேன்.”

“எலிக்கு சாமைக் கூழா குடுத்தாங்க?”

“கூழுன்னு இல்லண்ணே. ஏதோ நார்ச்சத்து. நான்தான் லோக்கலா இருக்கட்டும்னு கூழு சேத்தேன்.”

லோக்கலாக இருக்கட்டும் என்று சேர்த்தாராம். எங்கோ ஒரு எலி எதையோ தின்றதாம். அதற்கு நான் நாலு வரி பேசினேனாம். அதைப் படித்துத் தியாகதுருகம் பக்கத்தில் ஒரு மனுஷன் ஊசியைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டார். படி இறங்கி வந்துவிட்டேன். துணிக்கடை வாசலில் நின்று அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. கோபத்தில் வந்த அழுகைதான் அது.

மோர் மிளகாய் மடித்துக் கொடுக்க நான் பழைய பேப்பர் எடைக்கு வாங்குவேன். வீட்டில் ஒரு கட்டு இருந்தது. அன்று அதைப் பிரித்து ஒவ்வொன்றாகப் படித்தேன். குடல் கிருமியைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒன்றில், மனக்கவலை வருவதே வயிற்றுக் கிருமியால்தான் என்று இருந்தது. ஒன்றில், ஒல்லியான ஆளின் கிருமி வேறு, குண்டான ஆளின் கிருமி வேறு, கிருமியை மாற்றினால் தொப்பை போய்விடும். ஒன்றில், தயிரை விட்டால் குடலுக்கு வேறு கதி இல்லை. அதே பேப்பர் இன்னொரு நாள், தயிரால் அவ்வளவு பயன் இல்லை என்று போட்டிருந்தது. எல்லாவற்றின் தலையிலும் ‘ஆய்வில் தகவல்’. யார் ஆய்ந்தார்கள், எத்தனை பேரை வைத்துப் பார்த்தார்கள், மனுஷனா எலியா, ஒன்றிலும் இல்லை. படித்துப் பட்டம் வாங்கிய ஆராய்ச்சிக்காரர்கள், ‘எங்களுக்கு இன்னும் முழுசாகத் தெரியவில்லை’ என்று ஒரு இடத்திலாவது சொல்லியிருப்பார்கள் அல்லவா? ஐந்தாவது படித்த எனக்கே அது தோன்றுகிறது. அந்த வரியைத்தான் முதலில் வெட்டியிருப்பார்கள்.

மறுநாள், வேலைக்குப் போகிற வழியில் என்னிடம் கூழ் குடிக்கிற நர்ஸ் அம்மாவிடம் கேட்டேன். எனக்குத் தெரிந்து ஒரு பெண்பிள்ளையிடம் நானாகப் போய் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

“வயித்துல கிருமிங்க இருக்கறது நெசந்தாங்க. அதுல நல்லதும் இருக்குது. ஆராய்ச்சியும் நடக்குது,” என்றார். “ஆனா கூழக் குடிச்சிட்டு ஊசிய நிறுத்துன்னு எந்த டாக்டரும் சொல்லல. கூழும் மாவுதாங்க. அதுவும் சுகர ஏத்தும். எவ்ளோ குடிக்கறாரு?”

“ரெண்டு சொம்பு.”

“ஐயையோ. நாளைக்கே இட்டுக்கினு வாங்க அவர.”

அந்த இரண்டு சொம்பையும் ஊற்றியது நான்.

மறுநாள் கத்தரிக்காய்க்காரர் சந்தைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அதற்குள் அதே பேப்பரில் இன்னொரு செய்தி வந்தது. ‘கூழ் குடிப்பவரா நீங்கள்? உஷார்! புளித்த கூழில் ஆபத்துக் கிருமிகள்: நிபுணர்கள் எச்சரிக்கை.’ படம் அதே படம்தான். என் முகத்தை மட்டும் வெட்டிவிட்டு, கையையும் சொம்பையும் போட்டிருந்தார்கள். போன மாதம் நாங்களே இதைத்தான் மருந்து என்று எழுதினோம் என்று ஒரு எழுத்து இல்லை. என் வண்டியில் அன்று கூட்டம் இல்லை. அது போகட்டும். பானையை மூடி வைத்துவிட்டு தியாகதுருகம் பஸ் ஏறினேன்.

அவர் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். அவர் சம்சாரம் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டது.

“தம்பி, நீயாச்சும் சொல்லு. நான் சொன்னா அடிக்க வராரு. ஆஸ்பத்திரின்னு வாயெடுக்க முடியல.”

உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். பாதம் வீங்கி ஒரு விரல் கறுத்திருந்தது. வாடை அடித்தது. கட்டிலில் அந்தப் பேப்பர் கிடந்தது.

“வாய்யா. படிச்சியா? போன மாசம் அமிர்தம்னான், இந்த மாசம் வெஷம்ன்றான்.”

“அதான் நான் அப்பவே சொன்னேன்ணே. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்.”

“ஆஸ்பத்திரிக்காரன் மட்டும் யோக்கியனா? அவனும் தெனம் ஒண்ணு சொல்றவன்தான். நிபுணர்னு போட்டிருக்குதே, யாரு அது? டாக்டருதான? அப்பவும் அவன்தான சொன்னான், இப்பவும் அவன்தான சொல்றான். எல்லாம் ஒரே கும்பல். எவன் பேச்சும் எனக்கு வாணாம். வேப்பெண்ண தடவிக்கினு இருக்கேன், ஆறிடும்.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பேப்பர் இவரிடம் ஒரு பொய்யை மட்டும் சொல்லவில்லை. ஊசி போடச் சொன்ன டாக்டரையும் தன் கூடவே இழுத்துக்கொண்டு போய்ப் பொய்யன் ஆக்கிவிட்டது. இனிமேல் நான் சொல்லவில்லை, அவர்கள் இட்டுக்கட்டினார்கள் என்று எத்தனை முறை சொன்னாலும், பார்த்தியா எல்லாரும் பொய்யனுங்க என்றுதான் இவர் படுத்துக்கொள்வார். கறுத்த விரல் கறுத்துக்கொண்டே போகும்.

அக்கம்பக்கத்து ஆட்கள் ஐந்தாறு பேர் வாசலில் கூடியிருந்தார்கள். எப்படி அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. கத்தினேன்.

“பேப்பர்காரன் பொய் சொல்லலண்ணே. நான்தான் சொன்னேன். அந்த நாலு வரியும் நான் சொன்னதுதான். யாவாரத்துக்காவ பொய் சொன்னேன். என் கூழக் குடிச்சி ஒருத்தனுக்கும் ஒண்ணும் கொறையல. டாக்டருங்க ஒரு நாளும் ஊசிய வுடச் சொல்லல. நான்தான் சொன்னேன். போதுமா?”

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“இன்னாடா சொன்ன?”

“நான் பொய்யன். டாக்டரு பொய்யன் இல்ல. வாங்க போவலாம்.”

கையெட்டும் தூரத்தில்தான் நின்றேன். ஓங்கி அறைந்தார். பல வருடமாக ‘யோவ்’ என்று கூப்பிட்டவர், வாய்க்கு வந்த வார்த்தை எல்லாம் சொல்லித் திட்டினார். திட்டிக்கொண்டே சட்டையைப் போட்டார். “இட்டுக்கினு போங்கடா என்ன. இவன் கூழக் குடிச்சிட்டு நான் சாவணுமா?” என்றார். இரண்டு பேர் தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள். என்னை ஏறவிடவில்லை. நான் பின்னால் பஸ்ஸில் போனேன்.

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். காலைக் காப்பாற்றிவிட்டார்கள். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே இருந்திருக்காது என்று நர்ஸ் அம்மா சொன்னார்.

நான் தினமும் போய் வார்டு வாசலில் நின்றுவிட்டு வருவேன். ஐந்தாம் நாள் அந்த நிருபர் அங்கே இருந்தார். கட்டுப்போட்ட காலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லியிருப்பார்கள். உள்ளே போனேன்.

“சார், இவருகிட்ட சொல்லுங்க. அந்த நாலு வரிய யாரு எழுதினாங்கன்னு சொல்லுங்க.”

நிருபரின் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு சிரித்தார். “அண்ணே, நீங்களே ஒத்துக்கினீங்களாமே. ஊரே சொல்லுது.”

“அவன்கிட்ட இன்னா பேச்சு?” என்றார் கத்தரிக்காய்க்காரர் கட்டிலிலிருந்து. “எழுதிக்க தம்பி. கூழ்காரன் பேச்சக் கேட்டு ரெண்டு வெரலு போச்சுன்னு எழுதிக்க.”

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நர்ஸ் அம்மா ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். இவர் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு காத்திருந்தார். என் வாய்வரைக்கும் எல்லாம் வந்துவிட்டது. எலி, நார்ச்சத்து, லோக்கலா இருக்கட்டும் என்றது, எல்லாம். சொன்னால் இவர் நம்பலாம். நம்பினால் மறுபடியும் எவன் பேச்சும் வேண்டாம் என்று சட்டையை இறக்கிவிடலாம். நான் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது உள்ளே போய் வெளியே வந்தது. நிருபர் குறிப்பு எழுதிக்கொண்டு கிளம்பினார்.

செய்தி வந்தது. ‘கூழ் வியாபாரியின் பேச்சை நம்பி விரல்களை இழந்த விவசாயி.’ எந்தப் பேப்பரில் வந்த பேச்சு என்று போடவில்லை. அதை யாரும் லேமினேஷன் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை, சந்தையில் எல்லோருக்கும் மனப்பாடம்.

நான் இன்னும் அதே இடத்தில்தான் விற்கிறேன். பாதிப் பானை போகும். என் மனைவி அந்தப் பேப்பர் விற்கிற கடைப் பக்கமே போவதில்லை. கத்தரிக்காய்க்காரர் தடித்த செருப்பு ஒன்று போட்டுக்கொண்டு சந்தைக்கு வருகிறார். என் வண்டியைத் தாண்டும்போது நிற்க மாட்டார். புதிதாக யாராவது குடித்துக்கொண்டு நின்றால், “கூழு குடிங்க, ஆனா இவன் பேச்ச மட்டும் கேக்காதீங்க,” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவார்.

போன வாரம் அப்படிப் போனவரை நான் கூப்பிட்டேன்.

“ஊசி போட்டுக்கினீங்களாண்ணே?”

திரும்பாமலே பதில் சொன்னார். “போட்டுக்கினேன். ஒன்னக் கேட்டுக்கினுதான் போடணுமா?”